பூவனுக்கு வாடல் நோய் வருமா?

பள்ளத்தாக்கு விவசாயி (கம்பம் பள்ளத்தாக்கு, உத்தமபாளையம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். மனசு கனத்துப் போய் எழுதுகிறேன்.

எங்கள் ஒன்றரை ஏக்கரில் ஆறு வருடத்துக்கு முன்பு ரஸ்தாளி போட்டு, வாடல் நோயில் பாதிக்கு மேல் போனது. அப்போதே ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள்: "அந்த நோய் மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும், இனி அங்கே ரஸ்தாளி வேண்டாம், பூவன் போடு, தாங்கும்" என்று. சில வருடம் நெல், சோளம் என்று ஓட்டிவிட்டு, இந்த முறை வாழைக்குத் திரும்பினேன். என் மச்சான் கேரளாவில் இருக்கிறார். அவருக்குப் பழக்கமான ஒரு தோட்டத்தில் நல்ல பூவன் கன்று என்று சொல்லி 400 கன்று ஏற்றி அனுப்பினார்.

நட்டு ஏழு மாதம். போன வாரம் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தன. இப்போது பதினைந்து வாழையில் இலைக்காம்பு ஒடிந்து, பாவாடை கட்டியது மாதிரி தண்டைச் சுற்றித் தொங்குகிறது. ஒன்றை வெட்டிப் பார்த்தேன். கிழங்குக்குள் அதே செம்பழுப்பு. ஆறு வருடம் முன்பு பார்த்த அதே நிறம்.

பூவனுக்கு வாடல் நோய் வராது என்பது பொய்யா? இல்லை, புதிதாக வேறு ஏதாவது வந்திருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படுகைக்காரன் (தொட்டியம்)

தம்பி, முப்பது வருசமா காவிரிப் படுகையில பூவன் தான் எனக்கு. தேமல் வரும், காத்துல சாயும், ஆனா வாடல்ல பூவன் விழுந்து நான் பார்த்ததில்ல. அதனால நோயைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி வாழையைப் பத்திப் பேசுவோம்.

நாளைக்குக் காலையில வெளிச்சத்துல ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, இலைக்காம்போட ரெண்டு ஓரமும், பட்டையோட ஓரமும் என்ன நிறம். ரெண்டு, சின்னக் கன்னுல புதுசா விரிஞ்ச இலையைத் திருப்பி, நடுநரம்போட அடிப்பக்கம் என்ன நிறம். படம் எடுத்தா இன்னும் நல்லது.

பள்ளத்தாக்கு விவசாயி

பார்த்துவிட்டேன் ஐயா. காம்பின் ஓரம் நல்ல சிவப்புக் கோடு, பட்டை ஓரமும் அப்படியே. தண்டு மஞ்சள் கலந்த பச்சை, அதில் பழுப்புத் திட்டு. நடுநரம்பின் அடியில் நிறம் ஒன்றும் இல்லை, வெளிர்பச்சைதான்.

படுகைக்காரன்

அப்ப அது பூவன் இல்ல தம்பி. ரஸ்தாளி.

பூவனா இருந்தா இளசுல நடுநரம்பு வெளிப்பக்கம் ரோஜா நிறம் அடிக்கும். மஞ்சள் பச்சைத் தண்டு, பழுப்புத் திட்டு, காம்பு ஓரம் சிவப்பு, மூணும் சேர்ந்தா ரஸ்தாளிக்கு வேற சாட்சி வேண்டாம். சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு. நோய் இருந்த மண்ணுல நோய்க்கு ஆகாத ரகத்தையே திரும்பவும் வச்சிட்டீங்க.

பள்ளத்தாக்கு விவசாயி

படித்துவிட்டு அரை மணி நேரம் எழுத முடியவில்லை. மச்சானிடம் போனில் கேட்டேன். அவர் "பூவன் தான், நானே அந்தத் தோட்டத்தில் பழம் சாப்பிட்டிருக்கிறேன்" என்கிறார். கன்று கொடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா?

வடசேரிக்காரி (நாகர்கோவில்)

அண்ணா, யாரும் ஏமாத்தல. உங்க மச்சான் மேலயும் கோபப்படாதீங்க. கேரளாவுல பூவன்னு சொன்னா அது நம்ம ரஸ்தாளி தான்! நீங்க பூவன்னு சொல்றத அவங்க பாளையங்கோடன்னு சொல்வாங்க. கேட்டதைத் தான் கொடுத்திருக்காங்க. பெயர் மலை தாண்டினதும் வேற வாழைக்குப் போயிடுச்சு.

எங்க மாவட்டம் ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதால எங்களுக்கு இது தினப்படி விவகாரம். எங்க சந்தையில உங்க பூவன் 'பாளையங்கோட்டான்', உங்க ரஸ்தாளி 'ரசகதலி', நேந்திரன் 'ஏத்தன்', செவ்வாழை 'செந்துளுவன்'. நீங்க தார்னு சொல்றது எங்களுக்குக் குலை. வெளியூர்ல இருந்து வந்த மருமக கடையில பூவன் கேட்டா, கடைக்காரர் "எந்தப் பூவன்?"னு திருப்பிக் கேப்பார். கேக்கணும், அது தான் சரி.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஞாலிப்பூவன், நெய்ப்பூவன், ஏலக்கி எல்லாம் ஒரே சின்னப் பழம். பெயர்ல பூவன் இருக்கறதால அது பூவனுக்குச் சொந்தம்னு நினைச்சிடாதீங்க. ஒரே குலையில நூத்துக்கணக்குல குட்டிக் காய் தள்ளுற ஆயிரங்காய்ப் பூவனும் அப்படித்தான்.

நீர்வேலியான் (யாழ்ப்பாணம்)

அக்கா சொல்லுறது உண்மை. எங்கட பக்கம் கதலி எண்டுதான் உங்கட பூவனைச் சொல்லுறது. சிங்களத்தில அதுக்கு ஆம்புல் எண்டு பேர், புளிப்பு எண்டு அர்த்தம். பூவன் படமும் எங்கட கதலிப் படமும் பக்கத்தில வைச்சுப் பாத்தன், ஒரே சாதி. நீர்வேலிச் செம்மண்ணில நாங்கள் கதலி எண்டு வளர்க்கிறதும் தொட்டியத்து ஐயா பூவன் எண்டு வளர்க்கிறதும் ஒண்டுதான். அதேநேரம் கேரளத்திலயும் உங்கட தெற்கிலயும் கதலி எண்டால் கோயிலுக்கு வைக்கிற வேற சின்னப் பழம். பேரை மட்டும் நம்பிக் கன்று வாங்கக் கூடாது.

மகரந்தம் (தோட்டக்கலை மாணவி, கோவை)

இந்தப் பெயர்க் குழப்பம்தான் வாழை வகைப்பாட்டின் கதை முழுவதும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லின்னேயஸ் 1753-இல் ஒரு வாழைக்கு 'மூசா பாரடிசியாக்கா' என்றும், 1759-இல் இன்னொன்றுக்கு 'மூசா சேப்பியன்டம்' என்றும் பெயர் வைத்தார். சமைக்கிற வாழை ஓர் இனம், பழமாகச் சாப்பிடுகிற வாழை ஓர் இனம் என்று இருநூறு வருடம் உலகம் அப்படியே படித்தது. பிறகுதான் தெரிந்தது, இரண்டுமே தனி இனம் இல்லை, கலப்புகள். முதலாவது நம் நேந்திரன் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டாவது எது தெரியுமா? பட்டு வாழை என்று வெளிநாட்டில் சொல்கிற வகை, அதாவது நம் ரஸ்தாளி. இந்த இழையில் நாம் தேடிக்கொண்டிருக்கும் அதே வாழை! பாடநூல்களில் 'வாழைப்பழம்' என்பதற்கே இனப்பெயராக இருந்தது.

இப்போதைய முறை 1955-இல் வந்தது. டிரினிடாடில் வேலை செய்த நார்மன் சிம்மண்ட்ஸ், கென்னத் ஷெப்பர்ட் இருவரும் சொன்னது இது: நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு காட்டுத் தாய்கள். ஒன்று மூசா அக்யூமினேட்டா, அதை ஏ என்று குறிப்பார்கள். இன்னொன்று மூசா பால்பிசியானா, பி. பெரும்பாலான தோட்ட ரகங்களில் மூன்று தொகுதி குரோமோசோம்கள், ஒரு தொகுதிக்கு 11, ஆக 33. மூன்று தொகுதி என்பதால்தான் ஒழுங்காக விதை பிடிப்பதில்லை. அந்த மூன்றில் எத்தனை ஏ, எத்தனை பி என்பதுதான் வகைப்பாடு. ரொபஸ்டா, ஜி 9, செவ்வாழை ஏஏஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மலைவாழைகளான விருப்பாட்சி, சிறுமலை எல்லாம் ஏஏபி. மொந்தன், கற்பூரவள்ளி, பேயன் ஏபிபி. மட்டி வெறும் ஏஏ, இரண்டு தொகுதிதான். நெய்ப்பூவன் ஏபி. அக்கா சொன்னது சரிதான், அது பூவனே இல்லை.

நுண்ணோக்கி இல்லாமல் இதைத் தோட்டத்தில் கண்டுபிடிக்க 15 அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தண்டின் திட்டு, இலைக்காம்பின் வாய்க்கால், தார்க்காம்பில் மயிர் உண்டா இல்லையா, பூவை மூடும் மடலின் வடிவம், நுனி, நிறம், மடல் விரிந்தபின் பின்னோக்கிச் சுருள்கிறதா அல்லது வெறுமனே தூக்கி நிற்கிறதா, ஆண்பூவின் நிறம், இப்படி. ஒவ்வொன்றுக்கும் அக்யூமினேட்டா போல இருந்தால் 1, பால்பிசியானா போல இருந்தால் 5, நடுவில் இருந்தால் நடு மதிப்பெண். மொத்தம் 15-இல் ஆரம்பித்து 75 வரை போகும். 15 முதல் 23 வரை வந்தால் சுத்த ஏ. 24 முதல் 46 வரை ஏஏபி. 49 பக்கம் ஏபி. 59 முதல் 63 வரை ஏபிபி.

எனக்குப் பிடித்தது பிஞ்சுக்குள் பார்ப்பது. இளம் பிஞ்சைக் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூன்று அறை. ஒவ்வோர் அறையிலும் சூல்கள், அதாவது விதையாக வேண்டிய புள்ளிகள், இரண்டு ஒழுங்கான வரிசையாக இருந்தால் ஏ பக்கம். நான்கு வரிசையாகக் கலைந்து கிடந்தால் பி பக்கம். கடுகைவிடச் சின்னப் புள்ளிகள். அதற்குள் பல்லாயிரம் வருடத்து வம்சம்.

இலைமண்டி (திருச்சி)

படிப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா விவசாயிக்கு இது எதுக்கும்மா உதவும்? பூவனும் ஏஏபி, ரஸ்தாளியும் ஏஏபின்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இந்த மார்க்கெல்லாம் போட்டிருந்தாலும் கம்பத்து அண்ணனுக்கு விடை கிடைச்சிருக்காதே. என் கடைப் பையன் காயைத் தொட்டே சொல்லிடுவான். பூவன் காய் நெருக்கமா, முனை மூக்கு மாதிரி ஒடுங்கி இருக்கும். ரஸ்தாளி தோல் மெலிசு, பழுத்தா சீப்புல நிக்காது, உதிரும், சிலதுல உள்ள கட்டி தட்டும். கற்பூரவள்ளி மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். மொந்தன் முண்டும் முடிச்சுமா பட்டையா இருக்கும்.

மகரந்தம்

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மதிப்பெண் முறை எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லும், எந்தப் பிள்ளை என்று சொல்லாது. வீட்டுக்குள் போனபின் ஐயா சொன்ன ரோஜா நரம்பு, சிவப்பு ஓரம் போன்ற அடையாளங்கள்தான் வழி. அவை ஏட்டிலும் இருக்கின்றன, ஆனால் முதலில் பார்த்தவை விவசாயிகளின் கண்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு உடன்படவில்லை. நீங்கள் சொன்ன அடையாளம் எல்லாம் காயிலும் பழத்திலும் இருப்பவை. காய் வரும்போது கன்று நட்டு பத்து மாதம் ஓடியிருக்கும். அண்ணனுக்குத் தேவைப்பட்டது நடுவதற்கு முந்தைய நாள். அதனால் உடம்பைப் பார்க்கப் பழக வேண்டும்.

எல்லோரும் ஒரு சோதனை செய்து பாருங்களேன். வாழையின் மூன்றாவது நான்காவது இலைக்காம்பைக் குறுக்கே ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். மேல்பக்கம் வாய்க்கால் மாதிரி பள்ளம் இருக்கும். அதன் கரைகள் எப்படி நிற்கின்றன என்று எழுதுங்கள்.

வடசேரிக்காரி

வெட்டிட்டேன். வீட்டுப் பின்னாடி நாலு வகை இருக்கு.

மட்டி: வாய் நல்லா அகலத் திறந்து, ஓரம் ரெண்டு பக்கமும் வெளிய விரிஞ்சு, மெல்லிசா காய்ஞ்ச இறகு மாதிரி ஒரு விளிம்பு. அந்த இறகு கீழ வர வர தண்டை ஒட்டாம விலகி நிக்கிது.

செந்துளுவன்: இதுவும் திறந்த வாய் தான், ஆனா காம்பே சிவப்பு.

ஏத்தன்: கரை நேரா நிமிர்ந்து நிக்கிது.

மொந்தன்: கரை ரெண்டும் உள்பக்கம் வளைஞ்சு கிட்டத்தட்ட மூடிக்கிச்சு. நடுவுல ஒரு கீறல் தான் தெரியுது. காம்போட அடியும் தண்டை இறுக்கிக் கட்டிப் பிடிச்சிருக்கு.

எத்தனை வருசமா இலை அறுக்கேன், இதை ஒரு நாளும் கவனிச்சதில்ல. சொல்லித் தந்ததுக்கு ரொம்ப நன்றிமா.

மட்டியைப் பத்தி ஒரு வார்த்தை. கல்குளம், விளவங்கோடு பக்கம் இதுக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. எங்க பிள்ளைங்களுக்கு முதல் பழம் மட்டி தான். வெளியூர்க் கடையில சின்னப் பழத்தையெல்லாம் ஏலக்கின்னு ஒரே பெயர்ல வித்துடறாங்க. மட்டி ஏஏ, ஏலக்கி ஏபி. வாசனையும் வேற, உடம்பும் வேற. அது பெயர் இல்லாம போறது எனக்கு வருத்தம்.

படுகைக்காரன்

நானும் அறுத்தேன். கற்பூரவள்ளி, மொந்தன் மாதிரியே வாய் மூடினது. பூவன், ரஸ்தாளி ரெண்டும் நடுத்தரம், கரை நிமிர்ந்து லேசா உள்வாங்கி இருக்கு. ஜி 9 அகலத் திறந்து கிடக்கு. பொண்ணு சொன்ன ஏ, பி கணக்கு அப்படியே காம்புல தெரியுது. தண்டையும் பார்த்தேன். ஜி 9-ல கருப்புத் திட்டு நிறைய, மொந்தன்ல திட்டே இல்ல, சாம்பல் பூத்த பச்சை.

எங்க தாத்தா சொல்லுவாரு: பூவன் பிரமன், மொந்தன் முகுந்தன், பேயன் சிவன்னு. மூணு மூர்த்தியையும் வாழைத் தோட்டத்துல கும்பிட்டவங்க நம்ம ஆளுங்க. இதுல ரெண்டு ஏபிபி, ஒண்ணு ஏஏபின்னு இப்பத்தான் தெரியுது.

மலைவாசல் (கொல்லிமலை)

நிறத்தை வைத்து வகை பிரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செவ்வாழைக் கட்டையிலிருந்தே அபூர்வமாகப் பச்சை உடம்போடு கன்று வரும். காயும் பச்சையாக இருக்கும். வேறு ரகம் கலந்துவிட்டது என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் வெட்டிப் போட்டுவிட்டார். கலப்பு இல்லை, அந்தக் கட்டையின் பிள்ளைதான், நிறம் மட்டும் மாறிவிட்டது. காம்பின் வாயைப் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே வீடு என்றாவது தெரிந்திருக்கும்.

ஒரு சந்தேகம். எங்கள் மலையில் பாறை இடுக்கில் தானாக வரும் கல்வாழை எந்தக் கணக்கில் சேரும்? அடி பருத்து, கன்றே விடாது, பழம் முழுக்கக் கல் போல விதை.

மகரந்தம்

அது இந்த வீட்டிலேயே இல்லை அண்ணா. மூசா அல்ல, என்சீட்டி என்ற பக்கத்துப் பேரினம். நீங்களே அடையாளத்தைச் சொல்லிவிட்டீர்கள்: கன்று விடாது. ஒருமுறை பூத்துக் காய்த்துச் செத்துப்போகும், விதையில்தான் அடுத்த தலைமுறை. நம் தோட்ட வாழை நேர்மாறு. விதை இல்லை, கன்றுதான் வம்சம்.

இலைமண்டி

விதை இல்லைன்னு முடிவா சொல்லாதீங்க. கற்பூரவள்ளியில நானே விதை கடிச்சிருக்கேன், மிளகு மாதிரி கறுப்பா. வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்துட்டுப் போனார், காட்டு வாழையைக் கலந்து வித்துட்டேன்னு.

மகரந்தம்

நீங்கள் கலக்கவில்லை. கற்பூரவள்ளி பெண்பூ முழு மலடு இல்லை. பக்கத்தில் மகரந்தம் உள்ள காட்டு வாழையோ இரண்டு தொகுதி வாழையோ இருந்து, வௌவாலோ தேனீயோ கொண்டுவந்தால் சில காயில் விதை பிடிக்கும். நான் பொதுவாகச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

விருப்பாட்சியார் (தாண்டிக்குடி)

தாமதமாக வருகிறேன். வாழைக்குப் பெயர் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மலையே சாட்சி. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டத்து நிழலில், ஒரு முறை நட்டால் பல வருடம் நிற்கும் விருப்பாட்சி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இதுதான் உயிர், தண்ணீர் குறைந்த சதை என்பதால். முடிக்கொத்து நோய் வந்து மலை மலையாகக் காலியானது. அசுவினி பரப்பும் நச்சுயிரி அது. நோய் வந்த கட்டையிலிருந்து எடுத்த கன்றிலும் இருக்கும். தெரியாமல் கன்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் நாங்களே பரப்பினோம். இன்று 'மலைப்பழம்' என்ற பெயரில் விற்பதெல்லாம் விருப்பாட்சி இல்லை. சிறுமலை, பச்சநாடன் எல்லாம் உறவுக்காரர்கள், ஒரே ஏஏபி குடும்பம், ஆனால் அவை வேறு.

அதனால் கன்று கொடுப்பவர் ஒவ்வொருவரும் பெயரோடு உடம்பு அடையாளத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். திருச்சியில் 1993-இல் ஆரம்பித்த தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் ரகங்களை நிலத்திலேயே நட்டுக் காப்பாற்றுகிறார்கள். விதை இல்லாத பயிரை நெல் மாதிரி விதையாகச் சேர்த்துவைக்க முடியாது, உயிருள்ள செடியாகத்தான் வைக்க வேண்டும். நம் வீட்டுக் கொல்லையும் அப்படியொரு இடம்தான்.

பள்ளத்தாக்கு விவசாயி (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நோய் கண்ட 61 வாழையைக் கிழங்கோடு தோண்டி அங்கேயே எரித்தோம். குழிக்கு ஒன்றரைக் கிலோ சுண்ணாம்பு போட்டோம். அந்தப் பாத்தியில் ஓடிய தண்ணீர் மற்றதுக்குப் போகாமல் வாய்க்காலை மாற்றினோம். மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்கு எடுத்துப் போவதில்லை. மிச்சம் நிற்பது தார் போட்டால் எடுப்பேன், ஒரு கன்றுகூட வெளியே கொடுக்க மாட்டேன். சுற்றி இரண்டு பேர் கேட்டார்கள், காரணம் சொல்லி மறுத்துவிட்டேன்.

திசுவளர்ப்பு ரஸ்தாளிக் கன்று, அதாவது ஆய்வகத்தில் வளர்த்த கன்று, வைத்தால் நோய் வராது என்று ஒருவர் சொன்னார். கன்று சுத்தமாக இருக்கும், என் மண் சுத்தமில்லையே. அதனால் வேண்டாம் என்று விட்டேன். ஒரு போகம் நெல் போட்டு, பிறகு பூவன். இந்த முறை நிஜப் பூவன்.

மச்சானிடம் பேசினேன். பாவம், அவர் என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார். இப்போது இருவரும் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். ஒரு பக்கம் அவர் ஊர்ப் பெயர், ஒரு பக்கம் என் ஊர்ப் பெயர், நடுவில் தண்டின் நிறம், காம்பு ஓரம், காம்பு வாய், நரம்பின் அடி நிறம். இதுவரை ஒன்பது ரகம் ஏறியிருக்கிறது. பத்தாவதாக அவர் அனுப்பிய படத்தில் காம்பு வாய் மூடியிருக்கிறது, ஆனால் அவர் ஊரில் அதைக் கதலி என்கிறார்களாம். மகரந்தம், நேரம் இருந்தால் பாருங்கள்.

ஐயா, உங்கள் தோட்டத்தில் 400 பூவன் கன்று கிடைக்குமா? நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

படுகைக்காரன்

கிடைக்கும் தம்பி. தை கழிஞ்சு வாங்க. முதல் நாள் ராத்திரியே வந்து எங்க வீட்ல தங்கிடுங்க. விடிஞ்சதும் தோட்டத்துக்குப் போவோம். ஈட்டி மாதிரி குறுகின இலை உள்ள ஈட்டிக் கன்னா பார்த்து, ஒவ்வொண்ணோட தாய் வாழையையும் நீங்களே பாருங்க. பக்கத்துல விரிஞ்ச இளசு இலையைத் திருப்பி, நடுநரம்புல ரோஜா நிறம் தெரிஞ்சா மட்டும் கடப்பாரையைப் போடுவோம்.